எலி தப்பிக்கும் விஷம்

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில், வேலை முடிந்து வீடு திரும்பிய கூலித் தொழிலாளர்கள் வழக்கம்போல் பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தார்கள். அன்றிரவும் மறுநாளும் ஒருவர் பின் ஒருவராக வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் என்று மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கண் தெரியவில்லை என்றவர்களும் இருந்தார்கள். புதன்கிழமை சாவுகளை எண்ணத் தொடங்கிய ஊர் பல நாட்களுக்கு எண்ணிக்கொண்டே இருந்தது. 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பெண்களும் உண்டு. சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டவர்கள் 200 பேருக்கு மேல். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அங்கே இடம் போதாமல் சேலம், விழுப்புரம் முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின.

அந்தப் பாக்கெட்டில் கலந்திருந்தது மெத்தனால். பெயின்ட், பிசின், கரைப்பான் தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்கு உரிய பொருள் அது. தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கும். வாசனையும் சாதாரணச் சாராயத்திலிருந்து அதிகம் வேறுபடாது, கொஞ்சம் போதையும் தரும். குடிப்பவர் நாக்கால் கண்டுபிடிக்க வழியில்லை.

இந்தக் கதையைச் சட்டம் ஒழுங்கு, அரசியல், மதுவிலக்கு என்று பல கோணங்களில் தமிழ்நாடு பேசிவிட்டது. இறந்தவர்களின் கல்லீரலுக்குள் அந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பது மட்டும் அதிகம் பேசப்படவில்லை. அதைப் பேச வேண்டுமானால் ஒரு மரபணுவைப் பற்றியும், கீரையில் இருக்கும் ஒரு வைட்டமினைப் பற்றியும் பேச வேண்டும்.

மெத்தனால் அந்த உருவிலேயே பெரிய விஷம் இல்லை. இதைச் சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். உடம்புக்குள் போன மெத்தனால் மாறாமல் அப்படியே இருந்தால், மூச்சு வழியாகவும் சிறுநீர் வழியாகவும் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். அதைக் கொலைகாரப் பொருளாக மாற்றுவது நம் கல்லீரல்தான். நான்காவது குரோமோசோமில் வரிசையாக ஏழு மரபணுக்கள் இருக்கின்றன. அவை உருவாக்கும் நொதிக் குடும்பத்துக்கு ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்று பெயர். இந்தக் குடும்பத்து நொதிகள் வைட்டமின் ஏ-யையும் மாற்றித் தரும், பிராந்தியையும் மாற்றித் தரும், மெத்தனால் வந்தால் அதையும் விடாது. மெத்தனால் முதலில் ஃபார்மால்டிஹைடு ஆகிறது. பிணத்தைக் கெடாமல் வைக்கப் பயன்படுத்துவார்களே, அதே ஃபார்மால்டிஹைடுதான். அது ரத்தத்தில் ஓரிரு நிமிடம்கூட நிலைப்பதில்லை. இன்னொரு நொதி அதைப் பிடித்து ஃபார்மிக் அமிலமாக்கி விடுகிறது.

ஃபார்மிக் அமிலம் என்றால் எறும்பு அமிலம். கட்டெறும்பு கடித்த இடம் சுரீரென்று எரிவதில் இதற்குப் பங்கு உண்டு. லத்தீனில் எறும்புக்கு ஃபார்மிகா என்று பெயர், அமிலத்தின் பெயரும் அதிலிருந்தே வந்தது. எறும்புக்கடியில் வருவது துளியிலும் துளி. மெத்தனால் குடித்தவரின் உடம்பிலோ அது கிராம் கணக்கில் சேருகிறது. ரத்தம் புளிக்கிறது, மூச்சு வேகமெடுக்கிறது. செல்களுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் எடுக்கும் கடைசிக் கண்ணியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸை இந்த அமிலம் முடக்குகிறது. பச்சை மரவள்ளியில் இருக்கும் சயனைடு தாக்கும் இடமும் அதுவே. மரவள்ளியும் ஜவ்வரிசி ஆலைகளும் நிறைந்த கள்ளக்குறிச்சிச் சீமையில், கசப்புக் கிழங்கைத் தின்ற ஆடுமாடு சுருண்டு விழும் என்பது விவசாயிகளுக்குப் பழக்கமான செய்தி. ஃபார்மிக் அமிலம் சயனைடு அளவுக்கு வேகமானதில்லை, ஆனால் இடம் ஒன்றே. ஆற்றல் பசி அதிகமுள்ள பார்வை நரம்பும் மூளையின் உட்பகுதிகளும் முதலில் அடிபடுகின்றன. மெத்தனாலில் தப்பியவர்கள், பனிமூட்டத்துக்குள் நின்று பார்ப்பதுபோல் இருந்ததாகச் சொல்வது இதனால்தான். சிலருக்கு அந்த மூட்டம் விலகுவதே இல்லை.

குடித்தவுடன் ஒன்றும் தெரியாமல், அரை நாளோ ஒரு நாளோ கழித்து ஏன் விழுகிறார்கள் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. அமிலம் சேர நேரம் பிடிக்கிறது. கூடவே சாதாரணச் சாராயமும் குடித்திருந்தால் இன்னும் தாமதம் ஆகும். நொதி முதலில் எத்தனாலைத்தான் கவனிக்கும், மெத்தனால் வரிசையில் காத்திருக்கும். 'நேற்று எங்களோடு நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தான்' என்று துக்க வீட்டில் அழுவதற்குப் பின்னால் இருக்கும் ரசாயனம் இது.

இப்போது எலிக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மெத்தனாலை ஆராய்ந்தவர்களை ஒரு விஷயம் குழப்பியது. மனிதனைக் குருடாக்கிக் கொல்லும் அளவை எடைக்கு ஏற்றபடி எலிக்குக் கொடுத்தால், எலி தள்ளாடும், தூங்கும், பிறகு எழுந்து போய்விடும். ரத்தம் புளிக்காது, கண்ணும் போகாது. முயலிலும் மனிதனுக்கு நேர்வது நேரவில்லை. 1955-ல் அமெரிக்காவில் கில்கர், பாட்ஸ் என்ற இருவர் குரங்குகளில் சோதித்தபோதுதான் மனிதனுக்கு நேர்வது அப்படியே அவற்றுக்கும் நேர்வது தெரிந்தது. மனிதனும் குரங்கும் ஒரு பக்கம், எலியும் முயலும் மறுபக்கம் என்று கோடு விழுந்தது. ஆய்வுக்கூடத்தில் எலியை மட்டும் நம்பியிருந்தால் மெத்தனாலுக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும்!

கோட்டுக்குக் காரணம் என்ன? 1970-களிலும் 80-களிலும் அயோவா பல்கலைக்கழகத்தில் தாமஸ் டெஃப்லியின் குழு இதைத் துருவியது. அமிலத்தைத் தயாரிக்கும் வேலையை எலியும் செய்கிறது. வேறுபாடு அதை அப்புறப்படுத்தும் வேகத்தில் இருந்தது. குரங்கின் உடம்பு ஃபார்மிக் அமிலத்தை எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக்கும் வேகம் எலியின் வேகத்தில் ஏறக்குறைய பாதிதான். அந்த அப்புறப்படுத்தும் வேலை முழுவதும் ஒரு வைட்டமினை நம்பியிருந்தது. அதுதான் ஃபோலேட், அதாவது வைட்டமின் பி9. கர்ப்பிணிகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பதும் இதுவே.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு மரவள்ளி அறுவடையை வைத்துச் சொல்லிவிடலாம். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. உடனே லாரியில் ஏற்றி ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்ப வேண்டும். கிழங்கு என்பது இங்கே ஃபார்மிக் அமிலம், லாரி என்பது ஃபோலேட். கிழங்கை லாரியில் ஏற்றும் லோடுமேன் எம்.டி.எச்.எஃப்.டி.1 என்ற மரபணு தரும் நொதி. மறுமுனையில் சரக்கை இறக்கி, அமிலத்தைக் கார்பன் டை ஆக்சைடாக்கி, காலி லாரியை மறுபடி காட்டுக்கே திருப்பி அனுப்பும் ஆலைதான் இந்தக் கட்டுரையின் நாயகன். அதற்கு ஏ.எல்.டி.எச்.1எல்1 என்று பெயர். உயிர்வேதியியலார் வைத்த முழுப்பெயரைச் சொன்னால் மூச்சு வாங்கும்: பத்து-ஃபார்மைல் டெட்ராஹைட்ரோஃபோலேட் டிஹைட்ரஜனேஸ்.

மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது இந்த மரபணு. இது உருவாக்கும் நொதி 902 அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி. கல்லீரலில் மிக மிக அதிகமாகக் காணப்படும் புரதங்களில் ஒன்று. இதன் அமைப்பை முதலில் பார்த்தவர்கள் அசந்துதான் போயிருப்பார்கள். பரிணாமத்தின் ஏதோ ஒரு கட்டத்தில், வேறு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த மரபணுக்களின் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே மரபணுவாகியிருக்கின்றன. ஒரு முனை ஃபோலேட்டிலிருந்து சரக்கைப் பிரிக்கிறது, மறுமுனை அதை எரிக்கிறது. நடுவே நீண்டு ஆடும் ஒரு கை ஒரு முனையிலிருந்து வாங்கி மறுமுனைக்குக் கொடுக்கிறது. அந்தக் கை பான்டோதெனிக் அமிலம் என்ற வைட்டமின் பி5-லிருந்து செய்யப்பட்டது. எரிக்கும்போது எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் துணைப்பொருளோ நியாசின் என்ற பி3-லிருந்து வருவது. ஒரு வைட்டமினைக் கையாள இன்னும் இரண்டு வைட்டமின்களைத் துணைக்கு வைத்துக்கொண்டிருக்கும் நொதி இது. கூட்டுக் குடும்பம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சாராயம் காய்ச்சக் கற்பதற்கு வெகு காலம் முன்பே நமக்கு ஏன் இப்படி ஒரு மரபணு? ஃபார்மிக் அமிலம் உடம்புக்கு அந்நியமில்லை என்பதுதான் காரணம். செரின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும்போது சிறிதளவு ஃபார்மேட் தினமும் நமக்குள் உண்டாகிறது. டி.என்.ஏ.வின் எழுத்துகளைச் செய்ய அதிலிருந்து ஒற்றைக் கார்பன் அணுக்களை உடம்பு எடுத்துக்கொள்கிறது. கொய்யா, ஆப்பிள் போன்ற பழங்களிலுள்ள பெக்டினிலிருந்தும் துளி மெத்தனால் வரும். தேவைக்கு மேல் சேர்ந்த கார்பனை வடித்துவிடும் மதகுதான் இந்த நொதி. கல்வராயன் மலையடிவாரத்துக் கோமுகி அணையில் மழைக்காலத்துக்கு ஏற்ற மதகு இருக்கும். கடலே புரண்டு வந்தால் அந்த மதகு என்ன செய்யும்?

மனிதனின் சிக்கல் இரட்டிப்பானது. டெஃப்லி குழுவினர் 1987-ல் வெளியிட்ட ஆய்வில் மனிதக் கல்லீரலையும் குரங்குக் கல்லீரலையும் எலியோடு ஒப்பிட்டார்கள். நம்மிடம் லாரியும் குறைவு, ஆலையின் திறனும் குறைவு என்று அதில் தெரிந்தது. எலிக்கு ஃபோலேட் இல்லாத தீனியைப் போட்டு வைத்துவிட்டு மெத்தனால் கொடுத்தால் எலியின் தனிச்சலுகையும் பறிபோகிறது. அதற்கும் மனிதனைப் போலவே ரத்தம் புளிக்கிறது. குரங்குக்கு ஃபோலேட் கூடுதலாகக் கொடுத்தால் அமிலம் வேகமாகக் கரைகிறது. மயக்க மருந்தாகப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடைக் கொண்டு எலியின் வைட்டமின் பி12 வேலையைத் தடுத்தாலும் ஃபோலேட் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு அதே கதிதான். விஷத்தின் கடுமையைத் தீர்மானிப்பதில் தின்ற சோற்றுக்கும் பங்கு உண்டு என்பதை இந்தச் சோதனைகள் காட்டின.

கருணாபுரம் போன்ற இடங்களை நினைக்கும்போது இந்த வரி கனக்கிறது. நாள்தோறும் குடிப்பவரின் குடல் ஃபோலேட்டைச் சரியாக உறிஞ்சாது, கல்லீரல் சேமிக்காது, சிறுநீரகம் வீணாக்கும். அதற்கு மேல், கூலிவேலை பார்ப்பவரின் தட்டில் சோறும் குழம்பும் இருக்கும் அளவுக்குக் கீரையும் பயறும் இருப்பதில்லை. இருக்கிற கீரையையும் நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் ஃபோலேட்டில் பெரும்பகுதி அந்த நீரோடு போய்விடும். ஆக, மெத்தனால் வந்து சேரும் உடம்பு ஏற்கெனவே லாரி இல்லாத காடாக இருக்கிறது. அதற்காக முருங்கைக்கீரை தின்றவனுக்கு மெத்தனால் ஒன்றும் செய்யாது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பையும் சில மடக்குகள் கொன்றுவிடும், குருடாக்கிவிடும்.

ஃபோலேட்டின் சரித்திரத்தில் சென்னை இரண்டு முறை எட்டிப் பார்க்கிறது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளைப் பீடித்த கடும் ரத்தசோகையை ஆராய வந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் எலிகளை வைத்து வேலை பார்த்தார், சென்னையில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப்படும் கோஷா ஆஸ்பத்திரியிலும் பணிபுரிந்தார். அந்தப் பெண்களின் சாப்பாட்டில்தான் குறை இருக்கிறது என்று கண்டுபிடித்தார். மதுபான ஆலைக் கழிவான ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மலிவான மார்மைட்டைக் கொடுத்தே அவர்களைத் தேற்றினார். 1931-ல் அதை வெளியிட்டார். மார்மைட்டுக்குள் இருந்த அந்தப் பெயரில்லாத பொருளை 1941-ல் டெக்சாஸில் பசலை போன்ற ஒரு கீரையிலிருந்து பிரித்தார்கள். டன் கணக்கில் கீரையை அரைத்துத்தான் அது கிடைத்தது. லத்தீனில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர், அதனால் ஃபோலிக் அமிலம். எறும்பும் இலையுமாக இந்தக் கதையின் பெயர்கள் எல்லாமே தோட்டத்திலிருந்து வந்திருக்கின்றன.

இரண்டாமவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதராடையில் அறுவைக் கூடத்துக்குப் போனதால் ஆசிரியரின் கோபத்துக்கு ஆளானார். முழுப் பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். மட்டுமே கிடைத்தது. ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோய் அவருடைய உடன்பிறந்தவர்களைப் பறித்தது, அவரையும் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. 1923-ல் அமெரிக்கா போனார். லெடர்லே ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அது ஸ்ப்ரூ நோயாளிகளையும் எழுப்பி உட்கார வைத்தது. பிறகு அதே குழு, ஃபோலேட்டின் வேலையைத் தடுக்கும் போலிகளையும் செய்தது. புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் அந்தப் பரம்பரையில் வந்ததுதான். 1948-ல் சுப்பாராவ் இறந்துபோனார்.

கள்ளக்குறிச்சிக்குத் திரும்புவோம். சாராயம் என்றதும் சமவெளிக்காரர்கள் கல்வராயன் மலையைக் கை காட்டுவது பழைய வழக்கம். ஓடை ஓரத்து ஊறல் பானைகள், வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய், அவற்றைக் கவிழ்த்துக் கொட்டும் போலீஸ் என்று ஆண்டுதோறும் செய்தித்தாளில் படம் வரும். மலையில் காய்ச்சுவது நல்லது என்று சொல்ல இடமில்லை. ஆனால் ரசாயனத்தைப் பொறுத்தவரை ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெல்லத்தைப் புளிக்க வைத்தால் கிடைப்பது எத்தனால். அதில் ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் தானாக உண்டாகாது. 65-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற அளவு மெத்தனால் ஆலையிலிருந்துதான் வர முடியும், மரப்பட்டையிலிருந்து வர முடியாது. மலைவாழ் மலையாளி மக்கள் செய்யாத குற்றத்தின் நிழலும் அவர்கள் மேல் விழுந்தது. அதைத் தொடர்ந்து ஒரு நன்மையும் நடந்தது: சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் சாலை, பள்ளி, மருத்துவம் ஆகிய நிலைமைகளை வழக்காக எடுத்துக்கொண்டது. விஷச்சாராய வழக்கு அதே ஆண்டு நவம்பரில் சி.பி.ஐ.க்கு மாற்றப்பட்டது.

மருத்துவமனையில் நடக்கும் சிகிச்சையை இந்த ரசாயனத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏன் என்று புரியும். முதல் வேலை, மெத்தனாலை அமிலமாக்கும் நொதியை நிறுத்துவது. அதற்கென்றே இருக்கும் மருந்து ஃபோமெபிசோல். மெத்தனால் விஷத்துக்காக அமெரிக்காவில் 2000-ல் அனுமதி பெற்று, 2013-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. 2024 ஜூனில் ஃபோமெபிசோல் இருப்பு இருக்கிறதா என்ற கேள்வி அரசியல் சண்டையாகி, வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கும் ஒமெபிரசோலோடு பெயர் குழம்பி, சில நாள் தொலைக்காட்சிகளுக்குத் தீனியானது. ஓரெழுத்து ஈரெழுத்து மாறினால் மருந்தே மாறிவிடுகிறது!

ஃபோமெபிசோல் இல்லாத இடத்தில் மருத்துவர்கள் கையில் எடுப்பது எத்தனாலையே. அளந்து, ரத்தத்தைச் சோதித்துச் சோதித்து ஏற்றுவார்கள். நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்மேல் நாட்டம் பல மடங்கு அதிகம். அதனால் அது எத்தனாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் மெத்தனால் மாறாமல் கிடக்கும். குடியால் வந்த விஷத்துக்குக் குடியே மாற்று என்று கேட்டால் நையாண்டிபோல் இருக்கும். வீட்டில் செய்து பார்க்கக் கூடிய காரியம் இல்லை, அளவு தப்பினால் அதுவே கொல்லும். நொதியை நிறுத்திவிட்டால் மெத்தனால் தானாக வெளியேற நாட்கணக்கில் ஆகும் என்பதால் டயாலிசிஸ் செய்கிறார்கள். அது மெத்தனாலையும் ஏற்கெனவே உண்டான அமிலத்தையும் சேர்த்தே வடிக்கிறது. ரத்தத்தின் புளிப்பை இறக்க பைகார்பனேட் ஏற்றுகிறார்கள்.

நான்காவது மருந்துதான் நம் மரபணுவுக்காகக் கொடுப்பது. ஏ.எல்.டி.எச்.1எல்1 ஆலையைப் பெரிதாக்க மருத்துவத்திடம் வழி இல்லை, லாரிகளை மட்டும் கூட்டலாம். சாதாரண ஃபோலிக் அமிலத்தை உடம்பு படிப்படியாக மாற்றிய பிறகே அது லாரியாகும். அதனால் ஏற்கெனவே பாதி தூரம் கடந்து நிற்கும் ஃபோலினிக் அமிலத்தை, அதாவது லூகோவோரினை, சில மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாகச் செலுத்துகிறார்கள். அது கிடைக்காவிட்டால் ஃபோலிக் அமிலத்தையே கொடுப்பதும் உண்டு. ஃபோமெபிசோலைவிட லூகோவோரின் விலை மிகக் குறைவு. பக்கவிளைவும் குறைவு என்பதால் மருத்துவர்கள் தயங்குவதில்லை. விஷச்சாராயத்துக்கென்று அதை யாரும் தனியாக வாங்கி வைப்பதில்லை. சுப்பாராவின் பரம்பரையில் வந்த மெத்தோட்ரெக்சேட்டை அதிக அளவில் ஏற்றிய நோயாளிகளை அதன் பிடியிலிருந்து மீட்கத்தான் அது பெரும்பாலும் பயன்படுகிறது. நள்ளிரவில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நிற்கும்போது லூகோவோரின் குப்பியைத் தேடும் மருந்தாளுநர், அவசரப் பிரிவின் அலமாரியை விட்டுவிட்டுப் புற்றுநோய்ப் பிரிவின் அலமாரியைத்தான் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.